தம்பி பாகத்துக் கீழ்த்தாடை

நாச்சிமுத்துவின் கீழ்த்தாடை அவருடைய தம்பி அவினாசிக்குச் சொந்தமானது. அப்பா காலமான வருசம் சொத்தைப் பாகம் பிரித்தபோது அப்படி அமைந்துவிட்டது. பூலாங்காட்டுப்புதூரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தால் தோட்டம், கிணறு, களம், வீடு என்று வரிசையாகப் பிரித்துக்கொண்டு வந்து, எல்லாரும் சாப்பிட எழுந்திருக்கும் முன்பு, கடைசியாகத் தாடைகளையும் பிரித்துவிடுவார்கள். மேல்தாடை இரண்டும் ஒருவருக்கு, கீழ்த்தாடை இரண்டும் ஒருவருக்கு. மூத்தவர் என்பதால் நாச்சிமுத்து மேல்தாடைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆகவே அவர் வாயில் மேலே இருப்பது அவருடையது, கீழே இருப்பது தம்பியுடையது. அவினாசியின் வாயில் மேலே இருப்பது அண்ணனுடையது, கீழே இருப்பது அவனுடையது. நிலம் ஒருவருக்கு, அனுபோகம் ஒருவருக்கு. கிணற்று மோட்டாருக்கு முறை வைப்பதைப் போல ஊரில் எல்லாருக்கும் இது பழக்கமான ஏற்பாடுதான்.

தகராறு வந்தது அப்பாவின் முதல் திதியன்று. பாகத்தில் சேராத ஓர் எருமைக் கன்றை அவினாசி தன் கட்டுத்தறிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பந்தியில் வைத்து நாச்சிமுத்து அவனைத் "திருட்டுப் பயலே" என்றார். அவினாசி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"என்னைத் திட்டோணும்னா உங்க மேல்தாடைய வெச்சுத் திட்டுங்க. என்ர தாடைய வெச்சு என்னையவே திட்டறதுக்கு நீங்க யாரு?"

பந்தியில் இருந்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. நாச்சிமுத்துவுக்கும் பட்டது. அவர் கீழ்த்தாடையை அசைக்காமல் மேல்தாடையை மட்டும் வைத்துத் திட்டிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஆனால் தம்பி இல்லாத இடங்களில் நாச்சிமுத்து திட்டுவதை விடவில்லை. வீடுகள் ஒரே வீதியில் எதிரெதிரே இருந்தன. அவினாசி தன் வீட்டு முன்னறையிலேயே மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தான். பிண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவன் கரும்பு கடிப்பதை நாச்சிமுத்து தன் வாசலிலிருந்து பார்ப்பார். கடிப்பதில் பாதி தன்னுடைய தாடை. இருந்தாலும் அனுபோகத்தில் தலையிட முடியாது.

நாச்சிமுத்துவுக்கு வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிற வேலை. கதளி, செவ்வாழை, நேந்திரன், தேன்வாழை என்று வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் தார்களின் முன்னால் நடந்துகொண்டே அவர் விலை கூறினால் மண்டியின் கடைசியில் தராசுக்குப் பக்கத்தில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். சர்க்கரை வியாதி வந்து பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்த பிறகும் அவர் வேலையை விடவில்லை. மேலும் கீழும் பல்செட் கட்டிக்கொண்டார். அதற்கு அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பல்செட் என்பது பந்தல் மாதிரி. மேலே சும்மா உட்கார்ந்திருப்பது, தேவையில்லாதபோது எடுத்துவிடலாம். அடுத்தவன் நிலத்தில் பந்தல் போடுவதை ஊரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மேல்செட் அண்ணத்தில் அப்பிக்கொண்டு நன்றாகத்தான் நின்றது. கீழ்செட்தான் வருசத்துக்கு வருசம் தளர்ந்துகொண்டே போனது. பல் இல்லாத தாடை, மரம் இல்லாத கரை மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். பசை தடவிப் பார்த்தார், பவுடர் தூவிப் பார்த்தார். வீட்டில் பேசுவதற்கு அது போதும், ஏலத்துக்குத் தாங்காது. 'ஒரு தரம்' வரைக்கும் பல்செட் பொறுத்துக்கொள்ளும். 'ரெண்டு தரம்' சொல்லும்போது எழுந்து நிற்கும். மூன்றாவதில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. முன்வரிசை வியாபாரிகள் தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

ஒரு சந்தை நாளில் நல்ல பெரிய செவ்வாழைத் தார் ஒன்றுக்கு அவர் "மூணு" என்று வாயைத் திறந்தபோது கீழ்செட் வெளியே குதித்து, தாரின் நாலாவது சீப்புக்கும் ஐந்தாவது சீப்புக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. 'தரம்' என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. மூன்று விரலைக் காட்டினார். ஏலம் முடிந்தது. மண்டியின் வழக்கப்படி ஏலம் முடிகிற நேரத்தில் தாரில் என்ன இருக்கிறதோ அது தாரோடு சேர்த்தி. பல்லி இருந்தாலும் அப்படித்தான், தேன்கூடு இருந்தாலும் அப்படித்தான். தாரை எடுத்தவர் பாலக்காட்டு வியாபாரி சங்குண்ணி. அவர் நல்ல மனிதர். பல்செட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்கத்தை மீற முடியாமல் தாரோடு லாரியில் ஏற்றினார்.

அடுத்த வாரம் அதே லாரியில் அது திரும்பி வந்தது. கழுவி, இலையில் பொதிந்து, நாரில் கட்டி அனுப்பியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாச்சிமுத்து எதைச் சாப்பிட்டாலும் தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரன் சிப்ஸ் ருசிதான் அடித்தது. ரசம் சாதமும் அப்படித்தான் இருந்தது. அவருடைய மனைவி பாவாத்தாள் அதைக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து தொட்டுக்கொள்ள ஒன்றும் வைப்பதில்லை.

மண்டித் தலைவர் பொங்கியண்ணன் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, பல்லை ஒரு வழி பண்ணுங்க. சங்குண்ணியா இருக்கவும் வந்துருச்சு. நாளைக்கு வேற ஆளு எடுத்தா அது எந்த ஊருக்குப் போகுமோ. வரவங்களும் தாரைப் பாக்கறதில்லீங்க, உங்க வாயத்தான் பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

"பண்ணீரலாம்," என்றார் நாச்சிமுத்து. ஏலம் கூறாத ஒரு சந்தை நாளை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. வீட்டில் உப்பு கேட்பதற்குக்கூட அவர் மூன்று தரம் கூறித்தான் பழக்கம்.

கோபி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் டாக்டர் பூரணியின் பல் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார்.

"முன்பக்கம் எலும்பு கெட்டியா இருக்குங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு தூண் நட்டரலாம். தூணுக்கு மேல சின்னதா ஒரு குமிழ் இருக்கும். பல்செட்டுக்கு அடியில அதுக்குத் தக்கன குழி. வெச்சு அழுத்தினா டக்குனு உக்காந்துக்கும், சட்டையில அழுத்தற பட்டன் இல்லீங்களா, அதே மாதிரி. நீங்களாப் பாத்து எடுத்தாத்தான் வரும்."

"தரம் சொன்னாலும் வராதுங்களா?"

"நூறு தரம் சொல்லுங்க, வராது. எலும்பு மேல கரையறதும் கொறையும்." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "கீழ்த்தாடை யாருதுங்க?"

"தம்பியோடதுங்க."

"அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க. பந்தலாட்ட இருந்த வரைக்கும் சரி. தூண் நடறதுன்னா நிலத்துக்காரர் நேர்ல வந்து சொல்லோணும்."

நாச்சிமுத்து பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் மனைவியிடம், "அவன்கிட்டப் போயி நான் நிக்கறதுக்கு இல்லை," என்றார். பாவாத்தாள் அதை எதிர்பார்த்தவள் போல முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீதியைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனாள். அவளுக்கும் அவினாசியின் மனைவி ருக்குமணிக்கும் எப்போதும் பேச்சு உண்டு. அவர்கள் பாகம் பிரியவில்லை.

திரும்பி வந்து சொன்னாள். "நெலத்தைப் பாக்காம ஒண்ணும் சொல்லறதுக்கு இல்லையாம். காலைல வர்றாராம்."

மறுநாள் காலையில் அவினாசி வந்தான். சட்டைப் பையில் டார்ச் லைட் இருந்தது. பாவாத்தாளிடம், "அண்ணி, வாயைத் தொறக்கச் சொல்லுங்க," என்றான். பாவாத்தாள், "ஏனுங்க, வாயைத் தொறங்க," என்றாள். நாச்சிமுத்து கீழ்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

அவினாசி குனிந்து டார்ச்சை அடித்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக வெளிச்சத்தை நகர்த்தினான். பாகம் பிரித்த அன்று அந்தத் தாடை எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியும். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து, உள்ளே கொட்டைப் பாக்கையும் நொறுக்குகிற கடைவாய்ப் பற்கள். இப்போது மேடெல்லாம் தேய்ந்து, நடுவில் கத்தி முனை மாதிரி ஒரு வரப்பு மட்டும் மிச்சம் இருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். அத்தனை பக்கத்தில் தம்பியின் முகத்தைப் பார்த்து நாச்சிமுத்துவுக்கும் வருசக் கணக்காகிவிட்டது. அவன் புருவம் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தான். வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவரால் எதுவும் கேட்க முடியவில்லை.

"இவ்வளவு தேஞ்சு போச்சுங்களா, அண்ணி," என்றான் அவினாசி. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டான். "வெச்சுக் காப்பாத்தத் தெரியல."

அவன் போன பிறகு நாச்சிமுத்து நெடுநேரம் செட்டைப் போடாமலே உட்கார்ந்திருந்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதைக் கேட்ட பாவாத்தாளுக்கும் அது சரியென்றே பட்டது. மாற்றிக்கொள்வது. அவினாசியின் வாயில் இருக்கிற மேல்தாடையை அவனுக்கே விட்டுவிடுவது, அதற்குப் பதிலாகத் தன் வாயில் இருக்கிற கீழ்த்தாடையைத் தானே வாங்கிக்கொள்வது. அவினாசிக்கு அதில் லாபம்தான். அவன் மேல்தாடையில் பற்கள் அத்தனையும் அப்படியே நிற்கின்றன. தரிசைக் கொடுத்துவிட்டு விளைகிற காட்டை வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் அவரவர் வாய் அவரவருக்கு. தூண் நடுவதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

பாவாத்தாள் மறுபடியும் வீதியைத் தாண்டினாள். இந்த முறை பதில் அவளோடு வரவில்லை. பின்னாலேயே அவினாசி வந்தான். உள்ளே வராமல் வாசற்படிக்குக் கீழே நின்றான். நாச்சிமுத்து படிக்கு மேலே நின்றார். இருவருக்கும் நடுவில் பாவாத்தாள் நின்றாள்.

"அண்ணி, மாத்தறதுக்கெல்லாம் இல்லைன்னு சொல்லீருங்க."

"ஏன்னு கேளு," என்றார் நாச்சிமுத்து.

"தோட்டத்துக்கு நடுவுல வேலி போட்டாச்சு. கெணத்துல அவரு பங்கை வித்துட்டாரு. களம் நெரவி ரோடாப் போச்சு. ஊருக்குள்ள யாராச்சும் உனக்கும் உங்கண்ணனுக்கும் என்ன இருக்குதுன்னு கேட்டா, தாடை இருக்குதுன்னு சொல்லீட்டிருக்கேன். அதையும் மாத்தீட்டா நான் என்னத்தைங்க அண்ணி சொல்றது?"

பாவாத்தாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டில் அடுக்கியிருந்த பிண்ணாக்கு மூட்டைகளைப் பார்த்தார். யாராவது தன்னிடம் அப்படிக் கேட்டால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தார். தானும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"தூண் நட்டுக்கட்டும்," என்றான் அவினாசி. "நான் வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு. என்ர தாடைய வெச்சுட்டு மண்டியில, டீக்கடையில, கோயல்லன்னு என்னைத் திட்டாத எடமில்லை. இனி என்னை என்ன சொல்றதா இருந்தாலும் மொதல்ல என்ர ஊட்டுக்கு வந்து, என்ர மொகத்தைப் பாத்துச் சொல்லோணும். அதுக்கப்பறம் ஊருக்குள்ள சொல்லிக்கட்டும்."

"இத்தனை வருசம் சொன்னதுக்கு?" என்றார் நாச்சிமுத்து.

"அதையும் சேத்துத்தான். மொதல்லருந்து."

"ஆகட்டும்," என்றார்.

தூண் நடுகிற நாளைப் பார்த்துக் குறித்தார்கள். அவினாசியும் ருக்குமணியும், நாச்சிமுத்துவும் பாவாத்தாளும் ஒரே பஸ்ஸில் கோபிக்குப் போனார்கள். டாக்டர் பூரணி ஆஸ்பத்திரியில் அதற்கெல்லாம் ஒரு தனித் தட்டு வைத்திருந்தார். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடி நவதானியம். கற்பூரம் மட்டும் வாய்க்குள் காட்டக்கூடாது, தாடைக்கு நேரே வெளியே காட்டிக்கொள்ளலாம் என்றார். முதல் தூண் ஈசானி மூலையில் விழ வேண்டும் என்று அவினாசி சொன்னான். டாக்டர் ஒரு மிதிகட்டையை மிதித்தார். நாற்காலி நாச்சிமுத்துவோடு சுற்றி, தாடையின் வலது முன்பக்கம் வடகிழக்கில் வந்து நின்றது.

"நெலத்துக்காரர் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"நடுங்க," என்றான் அவினாசி.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிறகு எலும்பைத் துளைக்கிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்துவுக்கு வலி இல்லை, மண்டைக்குள் யாரோ ரோடு போடுவது மாதிரி ஓர் அதிர்வு மட்டும் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கண்ணாடியும் துண்டும் அவினாசியின் மடியில் இருந்தன.

"தண்ணி ஏதாச்சும் வருதுங்களா?" என்று கேட்டான் அவினாசி.

"வராதுங்க. கொஞ்சம் ரத்தம் வரும், நின்னுக்கும்."

"வறண்ட பூமிதான்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா கெட்டி," என்றான்.

இரண்டாவது தூணும் இறங்கியது. எலும்பு தூணைக் கவ்விப் பிடிக்க மூன்று மாதம் ஆகும் என்றும், அதுவரைக்கும் கூழ், கஞ்சி, மோர் என்று தண்ணியாகவே சாப்பிட வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். கீழ்செட்டை அவர் ஒரு டப்பாவில் போட்டுத் தானே வைத்துக்கொண்டார்.

கட்டடம் கட்டினால் நனைக்க வேண்டும். அது நிலத்துக்காரன் பொறுப்பு. அவினாசி ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறக்கும் முன்பு ஒரு சொம்பு ராகிக் கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு வீதியைத் தாண்டி வந்தான். முதலில் அவன் தூண்களோடு மட்டும்தான் பேசினான். "புடிச்சிருச்சா?" என்பான். நாச்சிமுத்து தலையை ஆட்டுவார், இன்னும் இல்லை என்று. பிறகு கூழில் சின்ன வெங்காயத்தை அரைத்துப் போட்டுக் கொண்டுவந்தான். பிறகு உட்கார ஆரம்பித்தான். கம்பு வரத்து, பருத்திக்கொட்டை விலை, ருக்குமணியின் முட்டிவலி என்று தூண்களைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருப்பான். ஒருநாள் வயிற்றுப்போக்கு என்று அவன் வரவில்லை. நாச்சிமுத்து எதிர்வீட்டைப் பார்த்தபடி பத்து மணி வரைக்கும் ஒன்றும் குடிக்காமல் இருந்தார். பாவாத்தாள் கஞ்சியை நீட்டியபோது, "தூணு காயுது," என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதங்களில் மண்டியில் ஏலத்தைப் பாவாத்தாள்தான் கூறினாள். நாச்சிமுத்து பக்கத்தில் நின்று விரலைக் காட்ட அவள் சொல்லிக்கொண்டு போவாள். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்திருப்பதால் மூன்றாவது தரம் வரைக்கும் அவள் காத்திருப்பதில்லை. இரண்டு தரத்திலேயே முடித்துவிடுவாள். வியாபாரிகள் அதற்குத் தக்கபடி தங்கள் யோசனையைச் சுருக்கிக்கொண்டார்கள். மண்டி ஒருமணி நேரம் முன்னதாகவே முடிந்தது. பொங்கியண்ணன், அண்ணன் திரும்பி வந்தாலும் புதன்கிழமை மட்டும் அண்ணியே கூறட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் தூண்களைத் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்டது. அவற்றின் தலையில் குமிழ்களைத் திருகினார். பல்செட்டின் அடியில் குழி எடுத்து, உள்ளே வளையம் பதித்து, நாச்சிமுத்துவின் வாயில் வைத்து, "கடிங்க," என்றார். நாச்சிமுத்து கடித்தார். ஒரு பக்கம் டக்கென்றது, மறுபக்கம் டக்கென்றது. அவர் நாக்கால் தள்ளிப் பார்த்தார். இருமிப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்தபடியே, "கதளி," என்று ஏலத்துக்குரிய குரலில் கூப்பிட்டார். கீழே பஸ் ஸ்டாண்டில் சத்தி பஸ்ஸில் ஏறப்போன இரண்டு பேர் திரும்பி நின்று விலை கேட்டார்கள்.

டாக்டர் அவினாசியிடம் திரும்பினார். "ராத்திரி கழட்டிக் கழுவி வைக்கோணும். தூணைச் சுத்தியும் பிரஷ் போட்டுச் சுத்தமா வெச்சுக்கோணும். மண்ணு எறங்குதான்னு ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க."

"காட்டறேனுங்க," என்றான் அவினாசி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வீதியைத் தாண்டித் தம்பி வீட்டுக்குப் போனார். ஒத்துக்கொண்டபடி எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ருக்குமணி பாயை விரித்தாள், தண்ணீர் வைத்தாள். அவினாசி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு எருமைக் கன்றிலிருந்து ஆரம்பித்தார்.

"திருட்டுப் பயலே," என்றார். பல்செட் அசையவில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக அறைக்குள் விழுந்தது.

அவினாசி கையைக் காட்டி நிறுத்தினான். "என்னன்னீங்க?"

"திருட்டுப் பய."

"திருட்டா." அவினாசி கண்ணாடியைக் கழற்றினான். "குருட்டுப் பயன்னு சொல்லீட்டுத் திரியறீங்கன்னு வந்து சொன்னாங்க. பல்லு போனதுல இருந்து நானும் ரெண்டு மூணு தடவை காதுல கேட்டேன், குருட்டுன்னுதான் கேட்டுச்சு. அண்ணன் சொல்றாருன்னா ஏதோ இருக்கும்னுதான் ஈரோட்டுல போயி கண்ணைக் காட்டினேன். ரெண்டு கண்ணுலயும் புரை இருந்துச்சு. எடுத்தாச்சு."

"இப்ப நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"சரி," என்று நாச்சிமுத்து தொடர்ந்தார். ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்குப் படுத்திருந்தபோது வந்து பார்க்காதது. மகள் கல்யாணத்துக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பியது. அப்பாவின் கைத்தடியை வைத்துக் கோழிக் கூண்டுக்குத் தாழ்ப்பாள் போட்டது. அவினாசி சிலதுக்குத் தலையாட்டினான். சிலதுக்கு, "அது நானில்லை, இவ பண்ணினா," என்று ருக்குமணியைக் காட்டினான். அவள் "ஆமாங்க மாமா" என்றாள். நடுவில் வெங்காய பஜ்ஜி வந்தது. நாச்சிமுத்து கடித்தார். வெங்காயம் தன் இடத்தில் அறுந்தது. தேங்காயெண்ணெய் வாசம் லேசாக இருந்தது, ஆனால் பஜ்ஜிக்கு அது பொருந்தியது. வெயில் தாழ்ந்து தீவன மூட்டைகள் மேல் நிழல் ஏறியபோது அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். ஏமாற்றமாக இருந்தது.

"இப்ப நான் சொல்லலாங்களா?" என்றான் அவினாசி. "மேல்தாடை உங்களுது. கேக்காம சொல்லக் கூடாது."

"தாராளமாச் சொல்லு."

அவினாசி விளக்கு வைக்கிற வரைக்கும் சொன்னான். நாச்சிமுத்து பாயில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டார். தன்னுடைய தாடை இத்தனை தெளிவாகப் பேசும் என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அதற்குப் பிறகு மண்டியில் பழைய குரல் கேட்டது. முன்வரிசையில் யாரும் துண்டை விரிப்பதில்லை. புதன்கிழமைகளில் பாவாத்தாள் கூறினாள், மற்ற நாளெல்லாம் அவர் கூறினார். தம்பியைப் பற்றி ஏதாவது தோன்றினால் வீதியைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். காப்பி குடித்துவிட்டு வருவார்.

இப்படி இருக்கும்போது சித்திரை பிறந்த வாரத்தில், தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்த அவர்களுடைய தங்கை மயிலாத்தாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் பை, ஒரு கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி. இரண்டு அண்ணன்களையும் ஒரே வீட்டில் பார்த்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"பொண்ணுகளுக்கும் பங்கு உண்டுன்னு மகளிர் குழுவுல சொன்னாங்கண்ணா," என்றாள். "தோட்டமெல்லாம் எனக்கு வேண்டாம். தாடையும் வேண்டாம், அது உங்களுக்குள்ள இருக்கட்டும். ஆனா நாக்கு யாரு பாகத்துலயும் சேரலீங்களே."

அண்ணனும் தம்பியும் யோசித்துப் பார்த்தார்கள். சேரவில்லைதான். பாகம் பிரித்த அன்று சாப்பாட்டு அவசரத்தில் விட்டுப்போயிருக்க வேண்டும்.

"அவரு போனதுலருந்து எனக்கு ஊட்டுல பேச்சுத்துணைக்கு ஆளில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா சாயங்காலம் வரைக்கும் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். ஆடி வரைக்கும் பெரியண்ணனோடது என்ர கூட இருக்கட்டும். ஆடி முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துட்டுச் சின்னண்ணனோடதை எடுத்துட்டுப் போறேன்."

"நியாயந்தான்," என்றான் அவினாசி.

மயிலாத்தாள் போசியைத் திறந்தாள். பாதிக்கு மோர் ஊற்றிக் கொண்டுவந்திருந்தாள். நாச்சிமுத்து மறுநாள் வரவிருந்த தேன்வாழையை ஒருமுறை நினைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கீழ்செட்டைத் தானே பார்த்துக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.

தாராபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாவாத்தாள் போசியின் மூடியை அழுத்திப் பார்த்து, துணியைச் சுற்றிக் கட்டி, நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"ஜன்னலோரம் உக்காராதே, குளுந்த காத்து ஆகாது," என்றாள். "காலைல எந்திரிச்சதும் கொஞ்சம் காப்பி காட்டீரு. இல்லீன்னா நாள்பூரா பேசாது."